இல்லாட்டி மிஸ்

அந்த அழைப்பிதழ் எங்கள் வீட்டுக்கு வந்தது எக்செல் சூத்திரத்தின் வேலையா, அதை எழுதிய மிஸ்ஸின் வேலையா?

மகளுக்குச் சோறு தீத்தும்போது திடீரென்று யோசனை வரும். சூத்திரம்தான் என்று முடிவெடுப்பேன். அவள் வாயைத் துடைத்துவிட்டு நான் கை கழுவுவதற்குள், இல்லை, மிஸ்தான் என்று தோன்றிவிடும். கோபித்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போயிருந்த என் மச்சானையும், இங்கே வீம்பு பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, என் மூத்த சகோதரி ராத்தாவையும் மறுபடி ஒரே வீட்டில் சேர்த்தது அந்த அழைப்பிதழ்தான். அதனால் கேள்வி என்னை விடுவதாக இல்லை.

மிஸ்ஸின் பெயரை எழுத மாட்டேன். எழுதலாமா என்று அவரிடம் கேட்க வழியில்லை. மண்டபத்தில் எல்லாரும் அவரை ‘இல்லாட்டி மிஸ்’ என்றார்கள். அவருக்கும் அது தெரியும். நாங்கள் காக்கா என்று கூப்பிடும் சமையல்காரர் ஒருநாள் வாய் தவறி நேரிலேயே அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “பரவாயில்ல காக்கா, இல்லாட்டி வேற என்ன சொல்லிக் கூப்பிடப்போறீங்க?” என்றார் மிஸ்.

கல்யாணத்துக்கு முன்பு நான் சாய்ந்தமருதில் ஒரு கல்யாண மண்டபத்தின் அலுவலகத்தில் வேலை செய்தேன். அலுவலகம் என்றால் சமையற்கட்டுக்குப் பின்னால் ஓர் அறை, இரண்டு கதிரை, ஒரு கொம்பியூட்டர். பகல் முழுக்க நெய்ச்சோற்று வாசம். வீட்டுக்குப் போனால் உம்மா என் அபாயாவை முகர்ந்து பார்த்து, இன்றைக்குக் கோழியா மாடா என்று சொல்லிவிடுவா. விருந்தினர் பட்டியலை எக்செல் தாளில் ஏற்றுவது, அழைப்பிதழ் உறையில் ஒட்டும் விலாசத் துண்டுகளை அச்சடிப்பது, எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று காக்காவிடம் சொல்வது, இவைதான் எங்கள் வேலை. மிஸ் என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். நற்பிட்டிமுனையில் இருந்து ஸ்கூட்டியில் வருவார். வந்ததும் அபாயாவின் கைகளை மடித்து உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் இறுக்கிக்கொள்வார். மேசை லாச்சியில் எப்போதும் மாங்காய் இருக்கும். மிளகாய்த் தூளும் உப்பும் தனிப் போத்தலில்.

எக்செல்லில் ‘இஃப்’ என்று ஒரு சூத்திரம் உண்டு. அதற்கு மூன்று இடங்கள். முதலாவதில் ஒரு கேள்வி. இரண்டாவதில், கேள்விக்குப் பதில் ஓம், அதாவது ஆம் என்றால் என்ன செய்வது. மூன்றாவதில், இல்லாவிட்டால் என்ன செய்வது. நான் படித்த வகுப்பில் எல்லாரும் இரண்டாவதோடு நிறுத்தி அடைப்புக்குறியை மூடிவிடுவோம். அப்படி மூடினால், பதில் ‘இல்லை’ ஆகும் இடத்திலெல்லாம் ‘பொய்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்று பெரிய எழுத்தில் வந்து நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மிஸ் என் தோளுக்கு மேலால் அதை எட்டிப் பார்த்தார்.

“ஒரு மனுசன்ட பேருக்குப் பக்கத்துல பொய் எண்டு எழுதி வெச்சிரிக்கீங்க. பாவம், அவர் உங்களுக்கு என்ன செஞ்சார்?”

“நான் எழுதல்ல மிஸ். அது தானா வந்தது.”

“நீங்க இடத்த வெறுமையா உட்டா அது தானா வரும்தானே. மூணாவது இடத்துக்கு ஒண்டு சொல்லுங்க புள்ள. இல்லாட்டி?”

அந்த ‘இல்லாட்டி?’யில் குரல் மேலே ஏறி நிற்கும். பதில் வரும்வரை இறங்காது. மண்டபத்துக்கு வந்த யாரும் அதிலிருந்து தப்பியதில்லை, முதலாளி ஹாஜியார் உட்பட.

“மழை வந்தா முற்றத்துல கூடாரம் போடுவம்” என்று ஹாஜியார் சொல்வார்.

“இல்லாட்டி?”

“இல்லாட்டி என்ன புள்ள? மழை இல்ல, அவ்வளவுதான்.”

“மழை இல்லாட்டி வெயில் ஹாஜியார். வெயிலுக்கு மோர் வேணும்.”

ஹாஜியார் தலையில் கை வைப்பார். ஆனால் மோர் வரும்.

எனக்கும் சின்ன வயதில் இருந்தே ‘இல்லாட்டி’ என்று யோசிக்கும் வியாதி உண்டு. பஸ் வராட்டி? பரீட்சையில் அந்தக் கேள்வி வராட்டி? இப்போது, மகள் சாப்பிடாட்டி? ஆனால் என்னுடைய இல்லாட்டிக்குப் பின்னால் எப்போதும் ஒரு பள்ளம் இருந்தது. மிஸ்ஸின் இல்லாட்டிக்குப் பின்னால் பெரும்பாலும் ஏதாவது தின்னக் கிடைத்தது. என்னைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்ற செய்தி வந்த நாள், நான் மிஸ்ஸின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“அவங்களுக்கு என்னப் புடிக்காட்டி மிஸ்?”

“புடிச்சா கல்யாணம். புடிக்காட்டி வட்டிலப்பம் மிச்சம். கொண்டு வாங்க, நாம சாப்பிடுவம்.”

பிடித்துவிட்டது. வட்டிலப்பமும் மிச்சமில்லை. மறுநாள் மிஸ், “ஒரு பக்கம் நல்லா முடிஞ்சா மத்தப் பக்கம் நஷ்டம்தான்” என்று பொய்யாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார்.

‘இன்ஷா அல்லாஹ்’ கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விருந்துக்கு வருவார்களா என்று போனில் கேட்டு ஓம், இல்லை என்று நிரப்பும்படி ஹாஜியார் ஒரு பத்தி போடச் சொன்னார். நான் நாள் முழுக்கப் போன் எடுத்தேன். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று யார் சொல்வார்கள்? பத்தி முழுக்க ‘இன்ஷா அல்லாஹ்’ என்றுதான் நிரம்பியது. இதை வைத்து எத்தனை பேருக்குச் சமைப்பது என்று காக்கா என்னைப் பார்த்தார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன்.

“எப்புடிச் சொன்னாங்க எண்டு எழுதுங்க” என்றார் மிஸ். “‘இன்ஷா அல்லாஹ், எங்கட ஊட்டுக் கல்யாணம்தானே’ எண்டா முழு ஆள். ‘இன்ஷா அல்லாஹ், பாப்பம்’ எண்டா அரை ஆள்.”

“இல்லாட்டி?” என்று கேட்க எனக்கு முதல் தடவையாக வாய்ப்புக் கிடைத்தது.

“‘இன்ஷா அல்லாஹ், இதுக்கெல்லாம் ஏன் கஷ்டப்பட்டுப் போன் எடுத்தீங்க’ எண்டா வரமாட்டாங்க. அவங்களுக்கு ஒரு பார்சல் கட்டி வெக்கணும்.”

ஓர் இஃப்புக்குள் இன்னோர் இஃப்பை வைத்து அவர் அதை எழுதினார். கடைசியில் அடைப்புக்குறிகளை மூடும்போது, “துறந்த கதவெல்லாம் ஒவ்வொண்டா சாத்துங்க, ஆரும் வெளியில நிக்கக் கூடா” என்று எனக்கும் சொல்லித் தனக்கும் சொல்லிக்கொண்டார். நிக்காஹ் தேதி கேட்க வந்த பள்ளிவாசல் ஹஸரத் திரையை எட்டிப் பார்த்துவிட்டார்.

“என்ன புள்ள இது? அல்லாஹ்ட நாட்டத்த அரை எண்டு போட்டிரிக்கீங்க?”

நான் எழுந்து நின்றுவிட்டேன். மிஸ் அசையவில்லை.

“அல்லாஹ்ட நாட்டம் முழுசுதான் ஹஸரத். ஆக்கள்ட நாட்டம்தான் அரை.”

ஹஸரத் தாடியைத் தடவினார். “அப்ப என்னை எந்தக் கட்டத்துல போட்டிரிக்கீங்க?”

“உங்களுக்கு ஒண்டரை.”

அவர் சிரித்த சிரிப்பில் காக்கா அகப்பையோடு ஓடி வந்துவிட்டார்.

எங்கள் விருந்துகளில் சஹன் என்ற ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆட்களை ஆறால் வகுத்தால் சஹன் கணக்கு வந்துவிடும். மிச்சம் வந்தால் இன்னொரு சஹன். இதற்குக்கூட மிஸ் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். மிச்சம் ஓர் ஆள் என்றால், கடைசிச் சஹனைக் கலைத்து நான்கும் மூன்றுமாகப் பிரிக்க வேண்டும். “தனிய இரிக்கிறவனுக்கு நெய்ச்சோறு தொண்டைக்குள்ள இறங்காது” என்பார். அழைப்பிதழ் விஷயத்தில் நான் மிஸ்ஸைச் சந்தேகப்படும்போதெல்லாம் இந்தச் சஹன் கணக்குத்தான் ஞாபகத்துக்கு வரும்.

இனி ராத்தாவின் விஷயம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்த ஆண், மனைவியின் வீட்டில் வந்து குடியிருப்பார். ராத்தாவுக்கு வாப்பா மருதமுனையில் எங்கள் வளவுக்குள்ளேயே வீடு கட்டிக் கொடுத்தார். மச்சான் சம்மாந்துறைக்காரர், அங்கே ஓர் அரிசி ஆலையில் வேலை. நல்ல மனிதர். புறா என்றால் மட்டும் பைத்தியம். ஒருநாள் பலகையில் செய்த புறாக்கூடு ஒன்றை லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டின் மேல் தட்டான மொட்டைமாடியில் வைத்தார். தட்டெல்லாம் அசிங்கமாகும் என்று ராத்தா சத்தம் போட்டாள். வார்த்தை வளர்ந்தது.

“இது உன்ட ஊடுதானே, நீதானே எல்லாம் சொல்லணும்” என்றார் மச்சான்.

“ஓம், என்ட ஊடுதான்” என்றாள் ராத்தா.

எங்கள் பக்கத்து ஆண் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. மச்சான் மாற்று உடுப்பாக ஒரு சேட்டு மட்டும் எடுத்துக்கொண்டு சம்மாந்துறைக்கு, உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நாட்கள் போயின. நோன்பு வந்து போனது. பெருநாளுக்கும் வரவில்லை. அவர் வந்தால் பேசலாம் என்று ராத்தா இருந்தாள். அவள் கூப்பிட்டால் போகலாம் என்று அவர் இருந்தார். உம்மா தொழுகைப் பாயில் அழுவா. பெரியவர்களை வைத்துப் பேசினால் விஷயம் பெரிதாகி வேறு எங்காவது போய் முடிந்துவிடுமோ என்று வாப்பா பயந்தார். எனக்கும் அதே பயம்தான். ஒருநாள் அலுவலகத்தில் என்னை அறியாமல் அழுதுவிட்டேன். மிஸ் மாங்காய் வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டார்.

“உடுப்பெல்லாம் எடுத்துத்துப் போனாரா?”

“இல்ல மிஸ். ஒரு சேட்டோட போனார்.”

“புறாக்கூடு?”

“மேலதான் இரிக்கு.”

“புறாவுக்கு ஆரு தீன் போடுற?”

நான் யோசித்தேன். “ராத்தாதான்.”

“ம்” என்றார் மிஸ். மாங்காயில் உப்பைத் தூவி என் பக்கம் தள்ளிவிட்டு விசைப்பலகைக்குத் திரும்பிவிட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அது கொஞ்சம் கோபம்கூட.

அதற்குச் சில காலம் முன்பு மண்டபத்தில் ஒரு பெரிய குளறுபடி நடந்திருந்தது. கல்யாணம் முடித்த ஆண்கள் எல்லாருக்கும் இரண்டு வீட்டில் கணக்கு இருக்கும் அல்லவா? உம்மா வீட்டில் மகன், மனைவி வீட்டில் மருமகன். விருந்து கொடுப்பவர்கள் இரண்டு வீட்டிலும் பெயரை எழுதிவிட்டார்கள். நாங்களும் அப்படியே ஏற்றிவிட்டோம். ஒவ்வோர் ஆணுக்கும் இரண்டு அழைப்பிதழ் போனது, இரண்டு ஆளுக்குச் சோறு வெந்தது. மிஞ்சிய நெய்ச்சோற்றை ஹாஜியார் வான் வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொடுத்து முடிக்க மஃரிப் தொழுகை நேரம் ஆகிவிட்டது. அன்றைக்கு மிஸ் எழுதிய சூத்திரம்தான் எங்கள் கதையில் வருவது.

“கல்யாணம் முடிச்சவரா? ஓமெண்டா கார்ட் பொஞ்சாதி ஊட்டுக்கு. இல்லாட்டி உம்மா ஊட்டுக்கு. ஒரு ஆளுக்கு ஒரு ஊடு.”

மனைவி வீட்டு விலாசம் பட்டியலில் இல்லாவிட்டால், பழைய கல்யாணத் தாள்களில் அதே பெயரைத் தேடி எடுத்துக்கொள்ளும்படியும் செய்திருந்தார். சூத்திரத்துக்கு அகப்படாததை அவரே தேடித் தட்டுவார்.

பெருநாளுக்குப் பிறகு வந்த கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை, மச்சானோடு அரிசி ஆலையில் வேலை செய்பவர். மச்சான் இப்போது எங்கே இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். பட்டியலில் சம்மாந்துறை விலாசத்தைத்தான் எழுதிக் கொடுத்தார். பிறகு நான் அந்தப் பட்டியலைக் கண்ணால் பார்த்தேன். வழக்கமாக விலாசத் துண்டுகளை ஒட்டுவது நான். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். மிஸ்தான் அச்சடித்து மிஸ்தான் ஒட்டினார்.

அப்படித்தான் ஒரு பகலில் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் எங்கள் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அழைப்பிதழைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் போர்வைக்குள் இருந்தேன். ராத்தா வாங்கினாள். உறையில் மச்சானின் பெயர். ‘அவர்களும் குடும்பத்தினரும்.’ அதற்குக் கீழே எங்கள் வீட்டு இலக்கம், எங்கள் ஒழுங்கை, மருதமுனை.

ராத்தா நின்ற இடத்திலேயே நின்றாள். “உம்மா, இவரு இந்த ஊட்டு விலாசத்தக் குடுத்திரிக்காரு.”

“குடுக்காம?” என்றா உம்மா. “இது அவர்ட ஊடுதானே.”

ராத்தா உள்ளே போய்ப் போனை எடுத்தாள். உறையைப் போனில் படம் பிடித்து, ஒரு சொல்லும் எழுதாமல் மச்சானுக்கு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மச்சான் வாசலில் நின்றார். அவர்கள் கதைத்தது ஜன்னலால் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“கார்ட் வந்திரிக்காம்.”

“ஓம், வந்திரிக்கு.”

“எடுத்துத்துப் போகலாமெண்டு வந்தன்.”

“எடுங்க. ஆரு வேணாமெண்ட?”

குசினிக்குள் இருந்து உம்மாவின் குரல் வந்தது. “மருமகன், சோறு போட்டாச்சு!”

சாப்பிட்டார். பிறகு மெதுவாக மேல் தட்டுக்கு ஏறினார். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து சத்தம்.

“இதுகளுக்கு ஆரு இவ்வளவு தீன் போட்ட? நடக்க ஏலாம உருளுதுகள்!”

“எனக்கென்ன தெரியும்?” என்றாள் கீழே நின்ற ராத்தா. “காகம் போட்டிரிக்கும்.”

மச்சான் சிரித்தார். பிறகு ராத்தாவும் சிரித்தாள். உம்மா குசினிச் சுவரில் சாய்ந்துகொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அன்றிலிருந்து மச்சான் சம்மாந்துறையில் தங்கவில்லை. மாலையிலேயே அங்கே போய், சேர்ந்திருந்த சேட்டுகளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

காய்ச்சல் விட்டதும் வேலைக்கு ஓடினேன். மிஸ்ஸின் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனால், அலுவலகத்துக்குள் ஒரே ரகளை. நிந்தவூரில் இருந்து ஒரு மாமி வந்திருந்தார். கையில் அதே கல்யாணத்தின் அழைப்பிதழ்.

“என்ட மகள உட்டுத்துப் போய் வேற கல்யாணம் முடிச்சவன்ட பேரு, என்ட ஊட்டு விலாசத்துல! ஆரு இந்த வேலையப் பாத்த?”

பழைய தாளில் இருந்து சூத்திரம் எடுத்த விலாசம். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“உட்காருங்க மாமி” என்றார் மிஸ்.

“உட்கார வரல்ல நான்.”

“அப்ப நிண்டுக்கிட்டே பிளேன்டீ குடிங்க. நீங்க கோழியா, மாடா?”

“என்ன?”

“கார்ட் வந்த ஊட்டுக்குச் சஹன் வெக்கணும் மாமி. அது எங்கட முறை. அவருக்கு வேற கார்ட் போகும். இது உங்கட.”

மிஸ் அப்போதே மாப்பிள்ளையின் உம்மாவுக்குப் போன் எடுத்தார். பார்த்தால், போனை வாங்கிய மாமியும் அந்த உம்மாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். போனில் ‘எலக்கா நீயா’ என்று ஒரே கூச்சல். மாமி போனைத் திருப்பிக் கொடுக்கும்போது பிளேன்டீ முடிந்திருந்தது.

“நான் அந்தக் கல்யாணத்துக்கு வாறதா?” என்று கதவுவரை போனவர் திரும்பி நின்றார். “...கோழிதான்.”

அவர் போனதும் மிஸ் சூத்திரத்தைத் திறந்து இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தார். ‘இப்பவும் பொஞ்சாதிதானா?’ நான் பக்கத்தில் இருந்து, “அந்த ஊட்டுல இப்ப இரிக்காரா எண்டு கேட்டா இன்னும் சரியா வரும்தானே மிஸ்?” என்றேன்.

“வேணாம். இரிக்கிற இடம் நாளைக்கு மாறும். பொஞ்சாதியா எண்டு மட்டும் கேளுங்க, போதும்.”

இப்போது உங்களுக்கும் என் குழப்பம் விளங்கியிருக்கும். நிந்தவூர் மாமிக்கு நடந்ததைப் பார்த்தால், எல்லாம் கண்மூடித்தனமாக ஓடிய சூத்திரத்தின் வேலை. ராத்தாவுக்கு நடந்ததும் அதே தவறின் இன்னொரு துண்டு. ஆனால் அந்தக் கடைசி வசனத்தைச் சொன்னபோது மிஸ் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பார்த்தாரா, அல்லது நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேனா? அதுவும் நிச்சயமில்லை.

கல்யாணத்தன்று பெண்கள் பக்கத்தில் ராத்தாவையும் நிந்தவூர் மாமியையும் மிஸ் ஒரே சஹனில் உட்கார வைத்தார். மாமி கோழிக்கால் ஒன்றை ராத்தாவின் பக்கம் தள்ளிக்கொண்டே கேட்டார்.

“உன்ட மாப்புள்ள வந்திரிக்காரா?”

“ஓம் மாமி. ஆம்புளையள்ட பக்கம் இரிக்கார்.”

“சரி, தின்னு. ஊட்டுக்குப் போகக்குள்ள அவரையும் மறக்காம கூட்டித்துப் போ.”

ராத்தாவுக்குப் புரைக்கேறியது. மிஸ் தண்ணீர்க் கோப்பையோடு பின்னாலேயே நின்றார்.

மிஸ்ஸிடம் நான் கேட்காமல் இல்லை. முதல் தடவை, “எந்தக் கார்ட்?” என்றார். அடுத்த தடவை, “போர்முலா போட்ட வேலை, என்னக் கேட்டா?” என்றார். அவர் கல்யாணம் முடித்துப் புத்தளம் பக்கம் போகும்போது, விடைபெற வந்த நாளில் கடைசியாகக் கேட்டேன். (அவருடைய மாப்பிள்ளைக்கு உம்மா வீடும் இல்லை, மிஸ்ஸுக்கு இங்கே கட்டிய வீடும் இல்லை. “மூணாவதா ஒரு இடம் இரிக்கும்தானே” என்று வாடகை வீடு பார்த்துக்கொண்டு போனார்கள்.) ஸ்கூட்டியின் கண்ணாடியில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

“வேணுமெண்டு செஞ்சா, உங்கட ராத்தா சந்தோசமா இரிக்கா. வேணுமெண்டு செய்யாட்டியும், உங்கட ராத்தா சந்தோசமா இரிக்கா. ரெண்டு பக்கமும் ஒண்டுதான் எண்டா அதுக்கு ஏன் புள்ள இஃப் போடுறீங்க?”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதன் பிறகு அவருடைய போன் இலக்கமும் மாறிவிட்டது.

ராத்தா சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள், கணக்கில்லாத புறாக்கள். அவர்களுக்குள் சண்டை வந்தால் அரை நாள் தாங்காது. காரணம் எனக்குத் தெரியும். மச்சான்தான் முதலில் இறங்கி வந்து இந்த வீட்டு விலாசத்தைக் கொடுத்தார் என்று ராத்தா நம்புகிறாள். ராத்தாதான் முதலில் மனம் இளகி உறையில் அவர் பெயரை இந்த வீட்டு விலாசத்தோடு போடச் சொன்னாள் என்று மச்சான் நம்புகிறார். போன முறை அவர் இறங்கினாரே, இந்த முறை நாம் இறங்குவோம் என்று அவள் போவாள். அதே யோசனையோடு அவரும் எதிரே வருவார். அறை வாசலில் இரண்டு பேரும் முட்டிக்கொள்வார்கள். ஒருவர் பெருமையை மற்றவர் முன்னால் எடுத்துச் சொல்லிக் காட்டக் கூடாது என்ற மரியாதையில் இதைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் கதைப்பதே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் இதுவரை வரவில்லை.

இப்போது வந்திருக்கிறது. உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சியின் மகளும் அவள் மாப்பிள்ளையும் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். போன் விஷயமாக ஏதோ சில்லறைச் சண்டை. அவன் ஒலுவிலில் உம்மா வீட்டுக்குப் போய்விட்டான். அவள் நல்ல பிள்ளை. தானே போன் எடுத்துப் பேசிவிடலாமா என்று ராத்தாவிடம் யோசனை கேட்டிருக்கிறாள்.

“எடுக்காத. பொறு” என்று ராத்தா சொல்லியிருக்கிறாள். “என்ட மாப்புள்ள தானா வந்தாரே. ஆம்புளைக்கு மனசுல ஆசை இரிந்தா தானா வருவான்.”

அதே வாரத்தில் ஒலுவிலுக்குப் போன மச்சான் அவனைத் தனியே கூப்பிட்டு, “பொறு தம்பி. அவ கூப்பிடுவா. என்ட பொஞ்சாதி அண்டைக்குக் கூப்பிட்டாதானே” என்று முதுகில் தட்டிவிட்டு வந்திருக்கிறார். வந்து என்னிடமே பெருமையாகச் சொன்னார். எனக்குத் தேத்தண்ணீர் கை தவறி மடியில் கொட்டிவிட்டது.

முந்தாநாள் சாச்சியின் மகள் எனக்குப் போன் எடுத்தாள். “நீங்க அந்த மண்டபத்துலதானே வேலை செஞ்சீங்க? ராத்தா சொல்றது சரிதானே? மச்சான் தானா வந்து விலாசம் குடுத்தாரா? நான் பொறுக்கணும்தானே?” என்றாள். மகள் அழுகிறாள், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். மகள் அழவில்லை. அவள் பாட்டுக்குக் கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

தோஹாவில் இருக்கும் என் கணவரிடம் கேட்டால், “உங்களுக்கு எது நல்லதெண்டு படுதோ அதச் செய்ங்க” என்கிறார். எனக்கு எது நல்லது என்று பட்டிருந்தால் அவரிடம் ஏன் கேட்கப் போகிறேன்? சாச்சியின் மகளிடம் உண்மையைச் சொன்னால் அது அஸர் தொழுகை நேரத்துக்குள் ராத்தாவின் காதுக்குப் போய்விடும். இத்தனை வருடமாக அந்த இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் இறங்கிவந்தது, நடக்காத ஒன்றை நம்பித்தான் என்று தெரிந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமல் சிரித்துவிடவும் கூடும். சிரிக்காட்டி? சொல்லாமல் விட்டால், தானாகப் போன் எடுக்க இருந்த பிள்ளையை என் மௌனமே தடுத்து வைக்கிறது. உண்மையைச் சொல்லாமலே, ராத்தா சொல்வதைக் கேட்காதே, எடு என்று மட்டும் சொல்லலாமா? ஏன் என்று அவள் கேட்பாளே.

இதை வாசிக்கும் நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் யாரிடம் சொல்வீர்கள், எப்படித் தொடங்குவீர்கள்? பிள்ளை வளர்த்தவர்கள், குடும்பம் நடத்தியவர்கள், யாராவது எனக்கு எழுதுங்கள். கொஞ்சம் கெதியாக, இன்றைக்கே எழுதினால் நல்லது. அங்கே அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒலுவிலில் அவனும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.